நாசா புறக்கோள் ஆவணக்காப்பகம்: ஒரே ஒரு கோளை வைத்து ஒரு மதிப்புரை

நாசாவுக்காகக் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் (கால்டெக்) ஐபேக் மையம் நடத்திவரும் புறக்கோள் ஆவணக்காப்பகத்தைக் கட்டணமோ பதிவோ இல்லாமல் யாரும் இணையத்தில் பயன்படுத்தலாம். உறுதிசெய்யப்பட்ட புறக்கோள்களின், அதாவது சூரியனல்லாத பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களின், எண்ணிக்கை 2025 செப்டம்பரில் 6,000 ஆயிற்று. இவ்வளவு பெரிய தொகுப்பை எடைபோட, நன்கு ஆராயப்பட்ட ஒரு கோளின் பக்கத்தை நிதானமாகப் படித்தாலே போதும். நான் எடுத்துக்கொண்டது எச்டி 189733 பி.

ஏறத்தாழ 64 ஒளியாண்டு தொலைவில் உள்ள இதன் தாய் விண்மீன், சூரியனைவிடச் சிறிய, வெப்பம் குறைந்த ஆரஞ்சு நிறக் குறுவிண்மீன். வியாழனைவிடச் சற்றே பெரிய கோள் அதன் முகப்பைக் கடக்கும்போது ஒளி சுமார் 2.4 சதவீதம் குறைகிறது. இதே கோள் சூரியன் அளவுள்ள விண்மீனைக் கடந்தால் 1.4 சதவீதம்கூடக் குறையாது. 2005இல் கண்டறியப்பட்டது முதல் ஆய்வாளர்கள் இதைத் திரும்பத் திரும்ப அளந்துவருவதற்கு இது முக்கியக் காரணம்.

அந்த அளவீடுகள் ஒன்றுக்கொன்று முழுதாக ஒத்துப்போவதில்லை. விண்மீனின் மேற்பரப்பில் கரும்புள்ளிகள் மிகுதி என்பதால் கடப்பின் ஆழமே, அதாவது கோள் கடக்கும்போது ஒளி குறையும் அளவே, காலத்துக்குக் காலம் சற்று மாறித் தெரியும். விண்மீனின் ஆரத்தை எவ்வளவு என்று கொள்கிறோமோ அதைப் பொறுத்துக் கோளின் ஆரமும் மாறும். ஆவணக்காப்பகம் இந்த வேறுபாடுகளைச் சராசரிக்குள் மறைக்காமல், ஒவ்வோர் ஆய்வின் எண்ணையும் அதன் பிழை எல்லையோடும் மூலக் கட்டுரைக்கான இணைப்போடும் தனித்தனி வரிசையில் தருகிறது. இந்த நேர்மைக்காகவே இதை நான் பிற தளங்களுக்கு மேலாக மதிக்கிறேன். ஆனால் தொகுப்பு அட்டவணையைப் பயன்படுத்துவோர் கவனமாக இருக்க வேண்டும்: அங்கே ஒரு கோளுக்கான ஒரே வரிசையில் வெவ்வேறு கட்டுரைகளின் எண்கள் கலந்திருக்கக்கூடும் என்பதால், நிறையையும் ஆரத்தையும் அங்கிருந்து எடுத்து அடர்த்தி கணக்கிடுவது சரியன்று.

கடப்பு நேரக் கணிப்புச் சேவை எனக்கு மிகவும் பிடித்தது. இக்கோளின் சுற்றுக்காலம் 53 மணி 15 நிமிடம். அதாவது இன்று இரவு 8 மணிக்கு நிகழும் கடப்பு இரண்டு நாள் கழித்து நள்ளிரவு தாண்டி 1.15க்கும், அதற்கடுத்தது காலை 6.30க்கும் நிகழும். எந்தக் கடப்பு நம் ஊரின் இரவில் விழும், அப்போது விண்மீன் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதை, அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி ஆகியவற்றைக் கொடுத்தால் சேவையே கணித்துத் தருகிறது. தமிழ்நாட்டில் இந்த விண்மீன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே ஏறுகிறது.

தளம் முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பதும், அட்டவணைகள் கைப்பேசித் திரைக்கு அடங்காத அகலத்தில் இருப்பதும் குறைகளே. நேரங்கள் உலகப் பொது நேரத்தில் தரப்படுவதால் 5 மணி 30 நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும், மாலை 6.30க்குப் பிந்தைய உலக நேரம் என்றால் இந்தியத் தேதி அடுத்த நாளாகிவிடும்.