மூன்று கோடை தாண்டிய கார்டும் 0.9 வோல்ட்டும்

அப்பா மோட்டார் காயில் கட்டுபவர். சோமனூர்ப் பக்கம் தறி மோட்டார், போர்வெல் மோட்டார் எது கருகினாலும் எங்கள் வாசலுக்குத்தான் வரும். கிராபிக்ஸ் கார்டுக்கு வோல்டேஜைக் குறைக்கப் போகிறேன் என்றதும் கையிலிருந்த மீட்டரைக் கீழே வைத்துவிட்டார். "ஏங் கண்ணு, லோ வோல்டேஜ்ல ஓட்டுனா காயில் வெந்து போயிருமல்லொ? காசு குடுத்து வாங்குன சாமானத்த நீயே கெடுக்கறயா?"

மோட்டாருக்கு அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வோல்ட் இறங்கினாலும் தூக்க வேண்டிய தண்ணீர் குறையாது. அதே வேலைக்கு ஆம்பியரைக் கூடுதலாக இழுக்கும், சுருள் சூடேறும். சிப்பு அப்படியில்லை. அதே வேகத்தில் ஓட விட்டு வோல்ட்டை இறக்கினால் ஆம்பியரும் கூடவே இறங்கும். வாட்ஸோ வோல்ட்டின் வர்க்கத்தை ஒட்டிச் சரியும். இது மண்டையில் ஏற எனக்கே ஒரு கோடை ஆனது, ஏனென்றால் நான் ஆரம்பித்தது எதிர்த்திசையில்.

2022 செப்டம்பரில் எத்தேரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்காகக் கார்டுகளை ஓட்டும் மைனிங் நின்று பழைய கார்டுகள் சந்தையில் குவிந்தபோது, அந்த வருடக் கடைசியில் ஆர்டிஎக்ஸ் 3070 ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 220 வாட்ஸ் கார்டு. பகலில் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு டிசைன் மாதிரிகளை பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் செய்வது, அதாவது படமாக்குவது, ராத்திரி கேம். கையில் வந்ததும் எல்லோரையும் போல ஓவர்கிளாக்தான், அதாவது கம்பெனி வைத்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவது. கார்டின் வேகத்தையும் வோல்ட்டையும் மாற்ற உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளைப் போட்டு, செட்டிங்ஸில் வோல்டேஜ் கண்ட்ரோல் பூட்டைத் திறந்து, ஸ்லைடரை +100க்குத் தள்ளினேன். அந்த 100 என்பது மில்லிவோல்ட் என்றுதான் பல மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, சதவீதம். சிப்பைச் செய்த என்விடியா விட்டுவைத்திருக்கும் உச்சி வரை போக அனுமதி கொடுக்கிறது, அவ்வளவே.

அந்த அனுமதியால் என்ன கிடைத்தது? சித்திரை வெயிலில் கார்டு 82 டிகிரி, ஃபேன் சத்தம் பக்கத்து வீட்டுத் தறியோடு போட்டி. கேமில் விநாடிக்கு வரும் பிரேம் நாலு சதவீதம் கூடியிருந்தால் அதிகம். சில கேம்களில் குறையவே செய்தது. வோல்ட் ஏறியதும் கார்டு தன் வாட்ஸ் உச்சவரம்பை முட்டி, தானாகவே கிளாக்கை, அதாவது வேகத்தை, இறக்கிக்கொண்டது. கறந்த பாலைத் தானே எட்டி உதைக்கிற மாடு மாதிரி.

பிறகுதான் கண்ட்ரோல், எஃப் இரண்டையும் அமுக்கினால் வரும் வளைகோட்டுப் பக்கம் போனேன். எந்த வோல்ட்டுக்கு எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் புள்ளிகள். கோட்டை மொத்தமாகக் கீழே இறக்கி, ஒரு புள்ளியை மட்டும் வேண்டிய உயரத்துக்குத் தூக்கி அப்ளை கொடுத்தால், அதற்கு வலப்பக்கம் முழுக்கத் தட்டையாகிவிடும். அந்த வோல்ட்டைத் தாண்டி கார்டு போகாது.

முதலில் ஆசைப்பட்டு 0.875 வோல்ட்டில் 1890 மெகாஹெர்ட்ஸ் வைத்தேன். சூப்பர்பொசிஷன் என்ற டெஸ்ட் மென்பொருள் ஒரு மணி நேரம் ஓடியும் குறை சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து, காலையில் அனுப்ப வேண்டிய ரெண்டர் ராத்திரி இரண்டு மணிக்கு நடுவில் நின்றது. கார்டு இரண்டு விநாடி பதில் சொல்லாவிட்டால் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை விண்டோஸ் மீட்டெடுக்கும். பிளெண்டர் அதோடு காலி. டெஸ்டில் பாஸானதை வைத்து நம்பக் கூடாது, நம் வேலையைக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

0.900க்கு 1875 என்று மாற்றினேன். மார்கழி வரை நிம்மதி. பிறகு காலையில் கம்ப்யூட்டரைப் போட்ட பத்தே நிமிடத்தில் கிராஷ், மத்தியானம் ஒன்றுமே இல்லை! பிடிபடப் பத்து நாள் ஆனது. கார்டு குளிர்ந்தால் கோடு தானாக மேலே நகரும். நான் புள்ளியைத் தூக்கியது 70 டிகிரியில். விடியற்காலைக் குளிரில் அதே புள்ளி ஒரு படி ஏறி 1890 ஆகியிருந்தது. இந்தக் கார்டில் ஒரு படி 15 மெகாஹெர்ட்ஸ். ஆகவே கார்டு சூடாகும் முன்பே கோட்டைப் போடுங்கள். போட்டு ஒரு படி விட்டும் கொடுங்கள். 1860ல் நிறுத்தியதிலிருந்து ஒரு தடவைகூட விழவில்லை.

கணக்கு: முன்பு 218 வாட்ஸ், இப்போது 165 சொச்சம். 78 டிகிரி 68 ஆனது. 40 நிமிட ரெண்டர் 41 ஆனது. எனக்குப் பெரிய லாபம் யுபிஎஸ்ஸில்தான். கரெண்ட் போனதும் ஓவர்லோடு என்று கத்தி அணைந்த 600 விஏ பெட்டி, இப்போது ஃபைலை சேவ் செய்யும் வரை தாங்குகிறது. அப்பா நம்பாமல் கிளாம்ப் மீட்டரை ஒயரில் மாட்டிப் பார்த்தார். "ஆம்பியரும் எறங்குது பாரேன்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

என்னிடம் அடிக்கடி கேட்பது: வீட்டு கரெண்ட் ஏறி இறங்குதுங்களே, கார்டு வோல்ட்டும் மாறாதுங்களா? மாறாது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ் பவர் பெட்டி 12 வோல்ட்டாக்கிக் கொடுப்பதை, கார்டுக்குள் இருக்கும் சர்க்யூட் ஒரு வோல்ட்டுக்குப் பக்கத்தில் இறக்குகிறது. ஸ்டெபிலைசர் வேறு பஞ்சாயத்து.

விண்டோஸ் ஆரம்பிக்கும்போதே செட்டிங்கைப் போடும் பொத்தானை ஒரு மாதம் தொடாதீர்கள். தப்பான கோட்டோடு பூட் ஆனால் சேஃப் மோடில் போய் மல்லுக்கட்ட வேண்டும். ஆஃப்டர்பர்னர் பெயரில் போலித் தளங்கள் உண்டு. எம்எஸ்ஐ தளத்திலிருந்தே இறக்குங்கள்.

எங்கள் ஊருக்கென்று ஒரு சங்கதி. கார்டின் வெப்பம் திடீரென ஐந்து டிகிரி கூடினால் நான் இப்போதெல்லாம் கோட்டைப் பார்ப்பதில்லை, சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்கைப் பார்க்கிறேன். தறிப் பஞ்சு கம்பளி மாதிரி அடைத்திருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அப்பாவின் பிளோயரால் ஊதுவேன். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டுதான் ஊத வேண்டும், இல்லாவிட்டால் காற்றில் சுற்றியே பேரிங் போய்விடும். முதல் தடவை நான் பிடிக்காமல் ஊதியபோது அப்பா பட்டறையிலிருந்தே கத்தினார்: "அதும் மோட்டார்தான் சாமி, புடிச்சுக்க!"