பைத்தானின் ரெப்ர்: பிரிண்ட் மறைப்பதைக் காட்டிக்கொடுக்கும் ஃபங்ஷன்

பைத்தான் நிரலில் சில சமயம் இரண்டு ஸ்ட்ரிங்கும் (எழுத்துத் தொடர்களும்) திரையில் ஒரே மாதிரி தெரியும், ஆனால் சமமா என்று கேட்டால் இல்லை என்று வரும். அந்த நேரத்தில் பிரிண்ட்டை மட்டும் நம்பாமல் ரெப்ரைக் (repr) கூப்பிடுங்கள், ஸ்ட்ரிங்கைக் கோடில் எழுதும் வடிவிலேயே அது காட்டும். வரிக் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பேக்ஸ்லாஷ் ஆர் (கண்ணுக்குத் தெரியாத கேரியேஜ் ரிட்டர்ன் குறி), நடுவில் உள்ள டேப், சாதாரண இடைவெளி போலவே தெரியும் நோ-பிரேக் ஸ்பேஸ் எல்லாம் பேக்ஸ்லாஷோடு எழுத்தாகவே வந்து நிற்கும். எஃப்-ஸ்ட்ரிங்கில் (மாறியின் மதிப்பை உள்ளேயே பொதிக்கும் ஸ்ட்ரிங்கில்) மாறியின் பெயருக்குப் பின்னால் ஆச்சரியக்குறியும் ஆர் எழுத்தும் (!r) போட்டாலே ரெப்ர் வடிவம் வந்துவிடும், லாக் (நிரல் ஓடும்போது பதியும் குறிப்பு) எழுத இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த வழி. ரா ஸ்ட்ரிங் (பேக்ஸ்லாஷை அப்படியே எடுத்துக்கொள்ளும் ஸ்ட்ரிங்) போதாதா என்றால், அது கோடில் நாமே எழுதும் ஸ்ட்ரிங்குக்குத்தான், ஃபைலிலிருந்து வந்ததற்கு உதவாது.

குறை? மேற்கோள் குறியும் சேர்ந்து வரும், நிஜ பேக்ஸ்லாஷ் இரட்டையாகும். அப்புறம், பைத்தான் 3-இல் தமிழ் எழுத்துகள் அப்படியே வரும். யூனிகோட் எண்ணாக வேண்டுமென்றால் ஆஸ்கி (ascii) ஃபங்ஷன் இருக்கிறது.