நெடுநல்வாடை ஸ்டிக்கர் வாங்கலாமா?

களியக்காவிளை பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஸ்டிக்கர் கடை, நம்பர் பிளேட்டு கல்யாண ஃப்ளெக்ஸுன்னு அடிக்கிற சின்ன கடைதான், இப்ப பழைய இலக்கியப் பேரையெல்லாம் ஸ்டிக்கரா போட்டு விக்கிறாங்க, செட்டு 60 ரூபா. பேர்ல கை வைக்கல, எங்க ஒட்டணும்னு மட்டும் கீழ பொடி எழுத்துல போட்டிருக்கு, காமெடியே அங்கதான்.

டாப்பு நெடுநல்வாடை. கக்கூஸ் கதவுக்கு! பாவம் நக்கீரரு, பாண்டியன் நெடுஞ்செழியன வச்சு பாடுனதா சொல்லுவாங்க, 188 வரி, குளிரு வாடைக்காத்துன்னு உருகி எழுதியிருப்பாரு, இப்ப நல்லா நீளமா வர்ற நாத்தமாயிட்டு. மலையாளத்துலயும் வாடன்னா அதேதான், பாறசாலைக்காரங்களும் சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டுப் போறாங்க.

அடுத்தது வளையாபதி, பெட்ரூம் கதவுக்காம். வளையாத புருசன்னு பிரிச்சா அது பாராட்டா புகாரான்னு அவங்கவங்க வீட்டப் பொறுத்தது. எங்க மைனி, குனிஞ்சு ஒரு துரும்பெடுத்துப் போடாத ஆளுன்னு எடுத்துக்கிட்டாங்க, அண்ணன் வேற மாதிரி எடுத்துக்கிட்டு மீசைய முறுக்கிட்டு திரியான். அந்த காப்பியத்துல மிச்சம் கிடைச்சதே 72 பாட்டுதான், கதையும் முழுசா கிடையாது, அதனால இல்லன்னு அடிச்சு சொல்லவும் ஆளில்ல பாத்துக்கிடுங்க.

கார் நாற்பது ஒர்க்‌ஷாப்புக்கு, இன்னா நாற்பது மெட்ராஸ்காரன் விலை கேக்குற மாதிரி டீக்கடைக்கு, ரெண்டும் ஓகே, சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்கும் குடுக்கலாம்.

சொதப்பல்னா குண்டலகேசிதான். கேஸ் அடுப்புல ஒட்டணும்னு குண்டலகேஸ்னு மாத்திட்டாங்க, அதுலயும் குசு விடுற பொம்மை வேற. எழுத்த மாத்துனா அப்புறம் எந்தப் பேர வேணாலும் எப்படி வேணாலும் மாத்தலாமே, அதுல என்ன கெட்டிக்காரத்தனம் இருக்கு? காளமேகம் பாம்புக்கும் எள்ளுக்கும் சேத்து ஒரே பாட்டா பாடிட்டுப் போனாரே, கெட்ட வார்த்த ஜோக்குக்கும் அவருக்கு கூச்சமே கிடையாது, ஆனா ரெண்டு பக்கமும் அர்த்தம் நிக்கும். இத்தனைக்கும் குண்டலகேசி திருட்டுப் புருசன மலையிலேந்து தள்ளிவிட்டவ, பேர அப்படியே விட்டு கத்தி ஸ்டாண்டுல ஒட்டுன்னு போட்டிருந்தாலே சிரிச்சிருப்போம்.

பசை சுமார்தான். நம்ம ஊரு மழைக்கு பாத்ரூம் கதவுல நிக்கல, ஓரம் சுருண்டுட்டு. லேமினேட் பண்ணித் தரச்சொன்னா 10 ரூபா கூட கேப்பாங்க, குடுத்துருங்க.