ஊட்டி நீராவி ரயில் என்று சொல்லி டீசல் ரயிலை விற்கிறார்கள்

ஊட்டி டூர் பேக்கேஜில் 'நீராவி ரயில் பயணம் உண்டு' என்று போட்டிருந்தால், பணம் கட்டுவதற்கு முன் எந்த ஸ்டேஷனில் ஏறி எங்கே இறங்குவது என்று கேளுங்கள். ஊட்டியிலிருந்து குன்னூர் என்று பதில் வந்தால் அது நீராவி ரயில் இல்லை. அந்த 19 கிலோமீட்டரில் தினசரி ரயில்களுக்கு டீசல் எஞ்சின்தான். எப்போதாவது நீராவியில் சிறப்பு ரயில் விடுவார்கள். அதை ரயில்வேயே தனியாக அறிவிக்கும்.

ஏமாற்று நடப்பது இப்படி: விளம்பரத்தில் புகை கக்கிக்கொண்டு மலை ஏறும் எஞ்சின் படம். கையில் வருவது ஊட்டி–குன்னூர் டிக்கெட். குன்னூரில் இறங்கியதும் ஷெட் பக்கம் நிற்கும் நீராவி எஞ்சினைக் காட்டி, "இதுதான் சார், போட்டோ எடுத்துக்கோங்க" என்று முடித்துவிடுகிறார்கள். அந்த எஞ்சினைப் பார்ப்பதற்கென்றே குழந்தைகளை அத்தனை தூரம் கூட்டி வருபவர்களுக்கு இது பெரிய அநியாயம்.

நீராவி இருப்பது மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையில். கல்லாறு தாண்டியதும் ஏற்றம் 12 மீட்டருக்கு 1 மீட்டர். வெறும் சக்கரம் என்றால் வழுக்கும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில், பல்சக்கரம் பற்றிக்கொண்டு ஏறப் பற்கள் உள்ள பல் தண்டவாளம் பதித்திருக்கிறார்கள். இங்கே ஓடும் எக்ஸ் வகை நீராவி எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். அவற்றில் இரண்டு சிலிண்டர்கள், வழக்கமான சக்கரங்களை ஓட்டும். அங்கே வேலை முடித்த நீராவியே மற்ற இரண்டுக்கும் போய், அடியில் இருக்கும் பல்சக்கரத்தைச் சுற்றும். எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும்: ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். வழியில் ஹில்குரோவ் போன்ற ஸ்டேஷன்களில் தண்ணீர் பிடிப்பார்கள். குன்னூருக்கு மேலே பல் தண்டவாளமே கிடையாது. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பாதையில் பார்க்க வேண்டிய பகுதி கீழே இருக்க, மேலே உள்ளதை அந்தப் பெயரில் விற்கிறார்கள்.

ஆகவே டிக்கெட்டில் மேட்டுப்பாளையம்–குன்னூர் பகுதி கட்டாயம் இருக்க வேண்டும். மேலே போகும் ரயில் மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்புகிறது, இறங்கும் ரயில் ஊட்டியில் பகல் 2 மணிக்கு. பதிவு செய்யும்போது நேரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஐஆர்சிடிசியில் 60 நாள் முன்பே முன்பதிவு திறக்கிறது. சீசனில் அன்றைக்கே உட்கார்ந்து போட்டால்தான் சீட்.

ஏஜென்ட் மூலம்தான் எடுப்பீர்கள் என்றால், டிக்கெட்டின் 10 இலக்க பிஎன்ஆர் எண்ணை வாங்கி, ரயில்வே விசாரணை எண்ணான 139-இல் நீங்களே பாருங்கள். "வெயிட்டிங்தான், கன்ஃபர்ம் ஆகிடும்" என்ற பேச்சை நம்பாதீர்கள். சார்ட் (பயணிகளின் இறுதிப் பட்டியல்) போட்டபின்பும் அதில் உள்ள எல்லாருமே வெயிட்டிங் லிஸ்டில் நிற்கும் இ-டிக்கெட் தானாகவே ரத்தாகும். அதை வைத்து ஏற முடியாது. வேறு ஆள் பெயரில் உள்ள டிக்கெட்டைத் தலையில் கட்டினாலும் வாங்காதீர்கள், அடையாள அட்டை பார்க்கும்போது மாட்டிக்கொள்வது நீங்கள்தான். அனுமதி இல்லாமல் டிக்கெட் வியாபாரம் செய்வது ரயில்வே சட்டம் 143-ஆவது பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை உண்டு.

அடுத்தது மழைக்காலக் கொள்ளை, இதைப் பலர் கவனிப்பதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவால் ரயில் ரத்தாவது சகஜம். ரயில்வே ரத்து செய்தால் டிக்கெட் பணம் திரும்ப வரும். ஆனால் எந்தக் கணக்கிலிருந்து பணம் போனதோ அந்தக் கணக்குக்குத்தான் வரும், அதாவது ஏஜென்டின் கணக்குக்கு. உங்களிடம் "மழைக்கு ரீஃபண்ட் கிடையாது சார்" என்பார்கள். பேக்கேஜ் பேசும்போதே ரயில் கட்டணத்தைத் தனி வரியாக எழுதி வாங்குங்கள்; ரத்தானால் திருப்பித் தருவதாக வாட்ஸ்அப்பிலாவது பதில் வாங்கி வையுங்கள். டிக்கெட்டின் முழு நகலும் உங்களிடம் இருக்கட்டும். உண்மையான கட்டணம் அதில்தான் அச்சாகியிருக்கும்.