ரத்தமா, மூட்டு நீரா, சவ்வா? முடக்குவாதத்தை எங்கே தேடுவது

முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்கும் நோய்) என்றாலே முதலில் கையை நீட்டி ரத்தம் கொடுப்பதுதான் வழக்கம். அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி, இந்த நோயோடு வரும் எதிர்ப்புப் புரதங்களைத் தேடும் ஆர்ஏ ஃபாக்டர், ஆன்டி சிசிபி. ஒரு குத்தோடு வலி முடிந்தது, எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுக்கலாம். இதில் ஆன்டி சிசிபியைத் தனியாகப் பாராட்ட வேண்டும், பலருக்கு மூட்டு வீங்குவதற்குச் சில வருஷம் முன்பே ரத்தத்தில் தலைகாட்டிவிடும். ஆனால் எந்த மருந்து கேட்கும் என்று கேட்டால் ரத்தம் பெரிதாக எதுவும் சொல்லாது. சிஆர்பி கல்லீரலில் உருவாகிற சமாச்சாரம், உடம்பில் எங்கோ புகைகிறது என்று காட்டும், எந்த மூட்டில் என்று காட்டாது.

அப்புறம் மூட்டு நீர். நல்ல மூட்டில் இது முட்டை வெள்ளைக்கரு மாதிரி நூல் நூலாக இழுபடும், அழற்சி வந்துவிட்டால் கலங்கித் தண்ணீராகிவிடும். கிருமித் தொற்றா, கவுட்டா (யூரிக் அமிலப் படிகம் மூட்டில் சேரும் நோய்) என்று தெரிய இதை மிஞ்ச ஆளில்லை: போலரைஸ்டு மைக்ராஸ்கோப்பில் ஊசி ஊசியாக யூரேட் படிகம் தெரிந்தால் விஷயம் முடிந்தது. முடக்குவாதத்துக்கு மட்டும் இது அரைகுறை சாட்சி. நீரில் மிதப்பது பெரும்பாலும் நியூட்ரோபில் என்ற வெள்ளையணு. மூட்டின் உள்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்குள் குடியிருக்கும் கூட்டமே வேறு.

அந்தச் சவ்வுதான், அதாவது சைனோவியம்தான், என் கட்சி. ஆரோக்கியமான மூட்டில் அதன் மேல்படலம் ஒன்றிலிருந்து மூன்று செல் கனம்தான் இருக்கும். நோய் வந்தால் தடித்து, புது ரத்தக்குழாய் முளைத்து, ஓரத்து எலும்பையே அரிக்கத் தொடங்குகிறது. வெளியே ஒரே மாதிரி வீங்கிய இரண்டு முழங்காலில், ஒன்றின் சவ்வில் பி செல்லும் டி செல்லும் கொத்துக் கொத்தாக இருக்கும், இன்னொன்றில் நோய் எதிர்ப்பு செல்களே அரிது, இணைப்புத் திசுவைக் கட்டும் ஃபைப்ரோபிளாஸ்ட் மட்டும் நிறைந்திருக்கும். 2023-ல் நேச்சர் இதழில் 3,14,000-க்கும் மேற்பட்ட சவ்வுச் செல்களை ஒவ்வொன்றாக அலசி, அழற்சியை ஆறு வகையாகப் பிரித்தே காட்டினார்கள்.

சரி, இதனால் நோயாளிக்கு என்ன லாபம்? ரிட்டுக்சிமாப் பி செல்லை ஒழிக்கிற மருந்து, சவ்வில் பி செல்லே இல்லாதவருக்கு அதைக் கொடுத்து என்ன ஆகப்போகிறது? ஆர்4ஆர்ஏ என்ற ஐரோப்பிய சோதனை (2021, 164 பேர், எல்லோருமே டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் மருந்து கைகொடுக்காதவர்கள்) இதைத்தான் கேட்டது. சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பிரித்தபோது தெளிவான வித்தியாசம் வரவில்லை. அதே திசுவை ஆர்என்ஏ வரிசைப்படுத்தி, எந்த மரபணு வேலை செய்கிறது என்று பார்த்துப் பிரித்தபோது, பி செல் குறைந்தவர்களில் ஐஎல்-6 என்ற இன்னொரு அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் டோசிலிசுமாப் 63 சதவீதம் பேருக்குக் கேட்டது, ரிட்டுக்சிமாப் 36 சதவீதம் பேருக்குத்தான். திசு கையில் இருந்தும் பார்க்கிற விதம் தப்பினால் கோட்டை விடுவோம் என்பது எனக்கு இதில் பெரிய பாடம். ஆனால் 2023-ல் வெளியான ஸ்ட்ராப் சோதனையில், உயிரியல் மருந்தே (டிஎன்எஃப் தடுப்பு, ரிட்டுக்சிமாப் மாதிரி) தொடாத நோயாளிகளிடம், இந்த பி செல் கணக்கு எடுபடவில்லை. சவ்வுக் கட்சிக்காரர்கள் இதை மெல்ல நழுவவிடுவார்கள், அது நியாயமில்லை.

திசுவை எடுப்பதிலும் போட்டி உண்டு. மூட்டு மாற்று அறுவையில் கழிவாகும் சவ்வு தாராளமாகக் கிடைக்கும், ஆனால் அது பல வருஷம் மருந்து தின்று ஓய்ந்துபோன மூட்டு, ஆரம்ப நோயைப் பற்றி அதனிடம் கேட்பது வீண். ஆர்த்ராஸ்கோப்பியில் (மூட்டுக்குள் கேமரா குழாய் விட்டு) கண்ணால் பார்த்தே எடுக்கலாம், செலவும் ஏற்பாடும் அதிகம். அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே, அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து ஊசியால் எடுப்பதுதான் என் தேர்வு, விரல் மூட்டில்கூட முடியும். ஒரே துண்டை நம்பக் கூடாது, சவ்வின் ஒரு மூலையில் இருக்கும் கூட்டம் அடுத்த மூலையில் இருக்காது. எடுத்த துண்டுகளை உப்புநீரில் போட்டால் சில மேலே மிதக்கும். அவை கொழுப்பு, அதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

ஆரம்ப நோய்க்கு, முதல் மருந்தான மெத்தோட்ரெக்சேட் தொடங்குவதற்கு முன் பயாப்சி (திசுத் துண்டு) கேட்டு யாரையும் குத்த மாட்டேன், ரத்தம் போதும். ஒற்றை மூட்டு திடீரென்று வீங்கினால் நீர். டிஎன்எஃப் தடுப்பு தோற்று, அடுத்த மருந்து எது என்று கையைப் பிசைகிற இடத்தில்தான் சவ்வு, அதுவும் அந்த மூட்டில் ஸ்டெராய்டு ஊசி போடுவதற்கு முன்பாக.