டோமினோ: ஆடுகிற காயா, சரிகிற வரிசையா?

டோமினோ என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது வரிசையாக நிற்கும் கட்டைகள்தான், ஒன்றைத் தட்டினால் கடைசி வரை சரசரவென்று சாயுமே, அது. சிலருக்குப் பீட்சா. இந்தக் கட்டைகளை வைத்து உட்கார்ந்து ஆட ஓர் ஆட்டம் உண்டு என்பது அதற்கப்புறம்தான் வரும். எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் இந்தச் சொல்லின் பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆட்டம்தான் எல்லாவற்றிலும் செழிப்பானது.

மூத்த பொருளிலிருந்து வருவோம். வேர் லத்தீன், 'தொமினுஸ்' என்றால் தலைவன், ஆண்டவன். பிரான்சில் பாதிரியார்கள் குளிருக்குப் போட்ட தலைமூடி அங்கிக்கு டோமினோ என்று பெயர் வந்து, பிறகு வெனிஸ் முகமூடி விழாக்களின் உடையாக அது பிரபலமானது. காமிக்ஸில் பேட்மேனின் கூட்டாளி ராபின் கண்ணைச் சுற்றி மட்டும் கட்டியிருக்கும் சின்ன முகமூடிக்கு இன்றும் டோமினோ முகமூடி என்றுதான் பெயர்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். ஒவ்வொரு காயிலும் இரண்டு பாதி, ஒவ்வொரு பாதியிலும் பகடை மாதிரி ஒன்று முதல் ஆறு புள்ளி வரை இருக்கும், இல்லையென்றால் வெறுமையாக இருக்கும். மேசையில் உள்ள வரிசையின் முனையில் என்ன எண்ணோ, அதே எண் உள்ள காயைத்தான் அடுத்து வைக்க வேண்டும். இரண்டு பகடைகளை உருட்டினால் 21 விதமான ஜோடிகள் விழும், அவற்றோடு வெற்றுப் பக்கம் உள்ள 7 காய்களைச் சேர்த்தால் 28, இதுதான் வழக்கமான ஒரு செட். சீனத்து செட்டில் 32 காய், அதில் வெற்றுப் பக்கமே கிடையாது. நான்கு பேர் ஆளுக்கு ஏழு எடுத்தால் மொத்தமும் கைக்கு வந்துவிடும், ஒளிந்திருக்க ஒரு காய்கூட மிச்சமிருக்காது. அதனால் எதிராளி ஐந்துக்கு வைக்க முடியாமல் 'பாஸ்' சொன்னால் அவரிடம் ஐந்தே இல்லை, அப்படியானால் மீதி ஐந்துகள் யார் கையில் என்று மனக்கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். பார்க்கச் சிறுபிள்ளை விளையாட்டு போல இருந்தாலும் நன்றாக ஆடுகிறவர்கள் ஒவ்வொரு பாஸையும் நினைவில் வைத்திருப்பார்கள்.

வரிசையாகச் சாய்க்கும்போது இந்த எண்களுக்கு வேலையே இல்லை, புள்ளியே இல்லாத மரத்துண்டு போதும். அதிலும் பிரமிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஒரு கட்டை தன்னைவிட ஒன்றரை மடங்கு பெரிய கட்டையைச் சாய்க்கும் என்று இயற்பியலாளர் லோர்ன் வைட்ஹெட் 1983இல் எழுதிக் காட்டினார், 2009இல் நெதர்லாந்தில் ஒரே நிகழ்ச்சியில் 44,91,863 கட்டைகள் சாய்ந்தன. ஆனால் இதை உவமையாக்கும்போதுதான் சிக்கல். 1954 ஏப்ரல் 7 அன்று அமெரிக்க அதிபர் ஐசனோவர் இந்தோசீனாவைப் பற்றிப் பேசும்போது இந்த உவமையைச் சொன்னார், ஒரு நாடு கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனால் பக்கத்து நாடுகளும் வரிசையாகப் போகும் என்று. 1975இல் தெற்கு வியட்நாம், கம்போடியா, லாவோஸ் மூன்றும் போயின, தாய்லாந்தும் மலேசியாவும் இந்தோனேசியாவும் போகவில்லை. நாடு என்பது தட்டினால் சாய்கிற கட்டை இல்லையே!

தமிழில் 'டோமினோ விளைவு' என்று எழுதும் இடங்களில் பாதிக்கு வேறு சொல்தான் பொருந்தும். எல்லாம் ஒரே நேரத்தில் பொலபொலவென்று விழுந்தால் அது சீட்டுக்கட்டு வீடு சரிவது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகினால் அணுகுண்டில் நடக்கிற மாதிரி சங்கிலித் தொடர் வினை. டோமினோவில் ஒன்று அடுத்த ஒன்றை மட்டும் தள்ளுகிறது, அதுவும் வரிசைப்படி. நடுவில் ஒரு சில கட்டைகளை எடுத்துவிட்டால் அங்கேயே நின்றுவிடும். அடுக்குகிறவர்கள் பாதுகாப்புக்காக இடையிடையே இடைவெளி விட்டுத்தான் அடுக்குவார்கள், எழுதும்போது அந்த இடைவெளி எங்கே என்று காட்ட முடிந்தால் மட்டும் அந்தச் சொல்லை எடுக்கலாம்.

பீட்சா கதை சின்னது. 1960இல் மிச்சிகனில் டாமினிக்ஸ் என்ற பெயரில் இருந்த கடையை மோனகன் சகோதரர்கள் வாங்கினார்கள், 1965இல் பெயர் டோமினோஸ் ஆனது. சின்னத்தில் உள்ள மூன்று புள்ளிகள் அப்போதிருந்த மூன்று கடைகள்.

கடைசியாக மருத்துவம். சிறுநீரக மாற்றில் டோமினோ முறை என்று ஒன்று உண்டு. யாரோ ஒருவர் முன்பின் தெரியாத நோயாளிக்குத் தன் சிறுநீரகத்தைத் தருகிறார், அந்த நோயாளிக்குக் கொடுக்க முன்வந்தும் பொருந்தாமல் போன உறவினர் தன்னுடையதை இன்னொரு நோயாளிக்குத் தருகிறார், அவருடைய உறவினர் அடுத்தவருக்கு, இப்படியே போகும். இங்கே எதுவும் சரிவதில்லை, ரத்தப் பிரிவும் திசுவும் ஒத்துப்போகிற இடத்தில்தான் அடுத்த ஆள் வந்து சேர முடியும், ஆட்டத்தில் ஐந்துக்குப் பக்கத்தில் ஐந்தைத் தேடி வைக்கிற மாதிரியே.