சைடிங்: ஒட்டுப்போடுவதா, மேலே மூடுவதா, முழுவதும் கழற்றுவதா?

கனடாவின் ஒன்ராறியோவில் பனி உருகி ஏப்ரல் பிறந்ததும் வீட்டுக் கதவைத் தட்டும் விற்பனை முகவர்கள் பலர், வெளிச்சுவரை மூடும் பலகைகளான சைடிங்கைக் காட்டி, "சைடிங் நிறம் மங்கிவிட்டது, முழுவதையும் மாற்றவேண்டும்" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். நிறம் மங்கியது என்பதற்காக மட்டும் பல்லாயிரம் டொலர் செலவழிக்கத் தேவையில்லை. நம்முடைய வீடுகளில் மரச்சட்டகத்தின் மேல் ஒட்டுப்பலகையும், அதன் மேல் நீர்த்தடைத் தாளும், எல்லாவற்றுக்கும் வெளியே சைடிங்கும் இருக்கின்றன. மழையின் பெரும்பகுதியைச் சைடிங் தடுக்கிறது. அதையும் மீறி உள்ளே புகும் நீரைத் தாள் தடுத்துக் கீழே வடியவிடுகிறது. ஆகவே, கேட்கவேண்டிய கேள்வி சைடிங் எப்படித் தெரிகிறது என்பதல்ல, அதன் பின்னாலிருக்கும் பலகை நனைகிறதா என்பதே.

அறிகுறிகளை இந்தக் கேள்வியைக் கொண்டே தரம் பிரிக்கவேண்டும். அலுமினியச் சைடிங்கைக் கையால் தடவும்போது வெண்தூள் ஒட்டினால் அது வர்ணத்தின் முதுமை மட்டுமே. கழுவிவிட்டு மறுபடி வர்ணம் பூசலாம். வெயில் படாத வடக்குச் சுவரில் படரும் பச்சைப் பாசி சவர்க்காரத் தண்ணீருக்கே போய்விடும். வினைல் எனப்படும் பிளாஸ்டிக் பலகை அலையலையாக நெளிந்திருந்தால் முதலில் ஆணியைத்தான் சந்தேகிக்கவேண்டும்: 12 அடி நீளமான வினைல் பலகை குளிருக்கும் வெயிலுக்கும் இடையில் அரை அங்குலம் வரை நீண்டு சுருங்கக்கூடியது என்பதால், அசைய இடம்விடாமல் ஆணியை இறுக அடித்திருந்தால் அது வளைவதைத் தவிர வேறு வழியில்லை. மாறாக, கையால் அழுத்தும்போது சுவர் மெத்தென்று அமிழ்தல், மரச் சைடிங்கின் கீழ்விளிம்பு ஊதிப் பருத்தல், ஒரே இடத்தில் வர்ணம் திரும்பத் திரும்ப உரிதல், யன்னலுக்குக் கீழே உட்சுவரில் கொப்பளம் தோன்றுதல் ஆகியவை நீர் உள்ளே போய்விட்டதைச் சொல்பவை.

இந்தக் கடைசி அறிகுறியை எங்கள் வீட்டிலேயே தவறாகப் புரிந்துகொண்டோம். குளியலறை யன்னலுக்குக் கீழே வர்ணம் கொப்பளித்தபோது குழாய்க் கசிவு என்றெண்ணி இரண்டு தடவை குழாய் வேலை செய்பவரை அழைத்தோம். கசிவு எதுவும் கிடைக்கவில்லை. பின்னர் வெளிப்புறத்தில் இரண்டு வினைல் பலகைகளைக் கழற்றிப் பார்த்தால், யன்னலின் தலைப்பில் நீரை வெளியே தள்ளவேண்டிய தகடு வைக்கப்படவே இல்லை. ஒட்டுப்பலகை கறுத்துப்போயிருந்தது; அதில் வைத்த திருப்புளி, அவித்த மரவள்ளிக்கிழங்கில் இறங்குவதுபோல் இறங்கியது. அதற்கு மேலிருந்த வினைலிலோ ஒரு கீறல்கூட இல்லை.

இனி மூன்று வழிகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கலாம். பழுதான பலகைகளை மட்டும் மாற்றுவது மலிவானது. பந்து பட்டு உடைந்தது, பார்பிக்யூ அடுப்பின் சூட்டில் உருகியது போன்ற, காரணம் வெளிப்படையாகத் தெரியும் சேதத்துக்கு அதுவே போதும். வினைல் பலகைகள் ஒன்றோடொன்று கொளுவப்பட்டிருப்பதால், கொக்கிபோன்ற சிறு கருவியொன்றால் இடையிலுள்ள ஒன்றை மட்டும் கழற்றி எடுத்துவிடலாம். நிறம் பொருந்தாது என்பதுதான் இதன் குறை. அதற்கும் நல்ல உபாயம் உண்டு: வீட்டின் பின்புறத்தில் யாரும் காணாத இடத்திலிருந்து, அதே அளவு வெயில் குடித்த பழைய பலகையொன்றைக் கழற்றி முன்புறத்தில் பொருத்திவிட்டு, புதியதைப் பின்புறத்தில் போடுவது. ஆனால் உடைவு ஒரே யன்னலைச் சுற்றியோ, கூரையும் சுவரும் சேரும் மூலையிலோ மீண்டும் மீண்டும் வருமானால், ஒட்டுப்போடுவது நோயை மறைக்கும் வேலையாகிவிடும்.

பழையதன் மேலேயே புதியதை அடிப்பது கழற்றும் கூலியையும் குப்பை அகற்றும் செலவையும் மிச்சப்படுத்துவதால் கவர்ச்சியாகத் தெரிகிறது. நான் மிகவும் அஞ்சும் வழியும் இதுதான். உள்ளே உக்கல் இருந்தால் அது பார்க்கப்படாமலே மூடப்படுகிறது. சுவர் தடித்துவிடுவதால் யன்னல்கள் உள்ளே அமிழ்ந்து, நீர் தேங்கும் விளிம்புகள் புதிதாக உருவாகின்றன. ஒரேயொரு விதிவிலக்கைக் கருதலாம். 1970களிலும் அதற்கு முன்னரும் கட்டப்பட்ட வீடுகளில் சுவர் ஓடுகள் கல்நார் (அஸ்பெஸ்டஸ்) கலந்த சீமெந்தாக இருக்கக்கூடும்; அவை உறுதியாக இருக்குமானால், உடைத்து நுரையீரலுக்குக் கேடான தூளைக் கிளப்புவதைவிட மூடிவிடுவது அறிவுள்ள செயலாகலாம். ஆணி அடிப்பதும் அந்த ஓட்டைத் துளைப்பதே என்பதால், ஆய்வுகூடப் பரிசோதனை செய்யாமல் எவரும் அதில் கைவைக்கக் கூடாது.

முழுவதும் கழற்றுவது செலவு கூடியது. ஆயினும் சுவர் முழுவதையும் கண்ணால் காணும் வாய்ப்பை அது ஒன்றுதான் தருகிறது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1980களிலும் 90களிலும் கட்டப்பட்ட அடுக்குமாடிகளில், வெளிப்பூச்சுக்குப் பின்னால் புகுந்த மழைநீர் வடிய வழியில்லாமல் தங்கி மரச்சட்டகத்தையே உக்கவைத்தது. முன்னாள் முதல்வர் டேவ் பாரெட் தலைமையில் 1998இல் விசாரணை ஆணையம் அமைக்கப்படும் அளவுக்கு அந்த விவகாரம் பெரிதாயிற்று. நீரை முற்றாகத் தடுக்க முயல்வதைவிட, புகுந்த நீர் வடியவும் சுவர் காயவும் இடம் விடுவதே மேல் என்ற தெளிவு அங்கு வலுப்பெற்றது. ஆகவே கழற்றுவதென்று முடிவு செய்தால், புதிய தாளுக்கும் சைடிங்குக்கும் இடையே மெல்லிய மரச்சலாகைகள் அடித்து 10 மில்லிமீற்றர் அளவு இடைவெளி விடச்சொல்லுங்கள். வெப்பக்காப்புப் பலகை சேர்ப்பதற்கும் இதைவிட நல்ல தருணம் வாய்க்காது.

அடுத்து, எதைப் போடுவது? வினைல் மலிவு, வர்ணம் கேட்பதில்லை. ஆனால் கடுங்குளிரில் நொறுங்கும், சூட்டில் உருகும். சீமெந்தோடு மரநார் கலந்து செய்யும் சீமெந்துநார்ப் பலகை தீப்பற்றாது, மரங்கொத்தியும் கறையானும் அதை அண்டுவதில்லை. ஆயினும் 100 சதுர அடிக்கு 200 இறாத்தலுக்கு மேல் எடையுள்ளது. அறுக்கும்போது கிளம்பும் சிலிக்காத் தூசு நுரையீரலுக்குக் கேடு. நிலத்திலிருந்து 6 அங்குலமாவது உயர்த்திப் பொருத்தவேண்டும். வர்ணத்தையும் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கவேண்டும். அயல்வீடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் நெருக்கமான குடியிருப்புகளில், தீயை எண்ணி நான் சீமெந்துநாரையே தேர்வேன். மரத்தின் அழகுக்கு ஈடில்லைதான். ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏணி வைத்து வர்ணம் பூசும் மனமுள்ளவர்களுக்கே அது பொருந்தும்.

கையெழுத்திடுமுன் ஒன்றைக் கேட்டுப் பெறவேண்டும்: உள்ளே உக்கிய ஒட்டுப்பலகை காணப்பட்டால் பலகையொன்றுக்கு என்ன விலை என்பதை மதிப்பீட்டிலேயே எழுதித் தரச்சொல்லுங்கள். எங்களுக்கு முதலில் வந்த ஒப்பந்தகாரர் அதை எழுத மறுத்தார்; நாங்கள் வேறொருவரை அமர்த்தினோம். குளியலறைப் பக்கச் சுவரை மட்டும் முழுவதும் கழற்றியபோது மூன்று ஒட்டுப்பலகைகள் உக்கியிருந்தன. அவற்றை மாற்றி, யன்னலின் தலைப்பில் தகடு வைத்து மூடினோம். மற்ற மூன்று சுவர்களிலும் மங்கிய பழைய வினைலே இன்னும் இருக்கிறது.